கையில் வைத்த சாவி

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வாசலோரம் இருக்கிறவர்களும் கிட்ட வந்துவிடுங்கள். இது சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை. ஒரு மாமியார், ஒரு மருமகள், தீப்பெட்டியில் பாதி அளவுகூட இல்லாத ஒரு சாவி, இவ்வளவுதான் இதில் இருக்கிறது. கெட்டவர்கள் ஒருவரும் இல்லை. அதுதான் இந்தக் கதையில் பெரிய கஷ்டம். அழுகை வந்தால் யாரையாவது திட்டி ஆற்றிக்கொள்ளக்கூட வழி கிடையாது. சொல்கிறேன், கேளுங்கள்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான மேட்டு லயத்தின் கடைசிக் காம்பராவில் மாரியாயி இருந்தாள். புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகன் ரமேஸ். அவன் கட்டிக்கொண்டு வந்தவள் சிவசக்தி, தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். தோட்டத்துக் காம்பரா அதில் இருக்கிறவர்களுக்குச் சொந்தமில்லை. வீட்டில் ஒருவருடைய பேராவது தோட்டத்துப் பதிவில் இருக்க வேண்டும்; அந்த ஒருவர் விடிந்ததும் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொள்ள வேண்டும். பேர் இல்லாத வீட்டைத் தோட்டம் திருப்பிக் கேட்கும். மாரியாயிக்கு முழங்கால் வீங்கி மலை ஏற முடியாமல் போன சமயத்தில்தான் சிவசக்தி மருமகளாக வந்தாள். வந்த மூன்றாம் மாதமே மாரியாயி தன் கொழுந்துக் கூடையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள்.

"இந்தா ஆயி, இனி ஏம் பேரு நின்ன எடத்துல ஒம் பேரு நிக்கட்டும். காம்பராவ மட்டும் விட்டுறாத."

சிவசக்தி விடவில்லை. மழையோ பனியோ, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பாள்.

ரமேஸ் வேறு மாதிரி. கொழும்பில் பெயர்ப்பலகை செய்கிற கடை ஒன்றில் நாலு வருஷம் வேலை செய்து தொழில் பிடித்துக்கொண்டு, இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஒரு பழைய லேசர் மெசினோடு ஊருக்குத் திரும்பினான். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், றஹீம் நாநாவின் கம்பியூட்டர் திருத்துகிற கடைக்கு மேல்மாடியில் ஒரு அறை எடுத்தான். பெட்டி மாதிரி இருக்கும் அந்த மெசின். மரத்தையோ பிளாஸ்டிக்கையோ உள்ளே வைத்து மூடினால், கம்பியூட்டரில் கீறியதை, அதாவது வரைந்ததை, அப்படியே சுட்டு எழுதிக் கொடுக்கும். ஒளி கண்ணுக்குத் தெரியாது, புகைதான் தெரியும். கதவுக்குப் பெயர்ப்பலகை, சாவிக்கொத்து, பள்ளிக்கூடத்துப் பரிசுக் கேடயம், கோயிலுக்கு உபயகாரர் பேர், எல்லாம் செய்தான்.

அந்த மெசினுக்கு ஒரு வழக்கம் உண்டு. கம்பியூட்டரின் பின்னால் ஒரு சின்ன நீலச் சாவியைச் செருகினால்தான் அது எழும். பூட்டுக்குப் போடுகிற சாவி இல்லை. பார்த்தால் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்களே, அந்தப் பென் டிரைவ் மாதிரிதான் இருக்கும். அந்த ஒரு மெசினுக்கு அந்த ஒரு சாவி. ரமேஸ் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தான். குளிக்கும்போது மட்டும் கழற்றி அம்மாவிடம் கொடுப்பான்.

"என்னடா இது, தாயத்தாட்டம்?" என்று மாரியாயி கேட்டாள்.

"இது இல்லாட்டி மெசின் எந்திரிக்காதும்மா. ஏம் பொழப்பே இதுக்குள்ளதான் இருக்கு."

அவள் அதை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு, அவன் குளித்துவிட்டு வரும்வரை வாசலிலேயே நிற்பாள்.

இனிமேல்தான், கண்ணுகளா, யாருக்கும் தெரியாமல் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தில் வேலை இல்லை. ரமேஸ் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போவான். படம் பார்க்கப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் போனது மேல்மாடி அறைக்கு. அங்கே ரமேஸ் சிவசக்திக்குக் கம்பியூட்டரில் கீறப் பழக்கினான்.

ஏன் ஒளித்தார்கள் என்று கேட்பீர்கள். மருமகள் கம்பியூட்டர் வேலை படிக்கிறாள் என்று தெரிந்தால், 'இவள் பேரை வெட்டிவிடப் போகிறாள், காம்பரா போகப் போகிறது' என்று கிழவி அன்றிலிருந்து சாப்பிட மாட்டாள். "கடை காலூன்றட்டும், அப்புறம் நானே சொல்லிக்கிறேன்" என்றான் ரமேஸ். சிவசக்தியும் சரி என்றாள். அவர்கள் செய்த தப்பு இவ்வளவுதான்.

முதலில் அவளுக்கு மவுஸே பிடிபடவில்லை. கொழுந்துச் சாயம் ஏறி வெடித்த விரல். ஒரு தரம் அழுத்த வேண்டிய இடத்தில் மூன்று தரம் அழுத்துவாள். ரமேஸ் சிரிப்பான்.

"மெதுவாம்மா, மெதுவா. நீ கொழுந்து கிள்ளுற வேகத்துக்கு அதால ஓட முடியாது."

"ஒங்க மெசினுக்குத்தான் வேகம் பத்தல. கங்காணிகிட்ட குடுங்க, சரியாக்கி அனுப்புவாரு."

கோட்டை வளைக்கச் சொல்லிக் கொடுத்தான். கோட்டில் சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகள் இருக்கும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் கோடு வளையும். கறுப்பில் கீறினால் மெசின் மேலாகச் சுரண்டும், சிவப்பில் கீறினால் அறுத்தே எடுத்துவிடும் என்றான். அவள் தன் பேரை எழுதி, ஆசைக்குச் சிவப்பு நிறம் போட்டாள். மூடியைத் திறந்தபோது பலகையில் எழுத்து எழுத்தாக ஓட்டைதான் இருந்தது.

"பாரு, ஒம் பேரு கழண்டு கீழ விழுந்து கெடக்கு" என்று அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தான். இரண்டு பேரும் சிரித்த சத்தத்துக்குக் கீழேயிருந்து றஹீம் நாநா உட்கூரையைத் தட்டினார்.

அதைவிட முக்கியமாக ஒன்று சொல்லிக் கொடுத்தான். எழுத்தை எழுத்தாகவே அனுப்பக் கூடாது. இந்தக் கம்பியூட்டரில் தமிழாகத் தெரிவது, அந்த எழுத்து இல்லாத இன்னொரு கம்பியூட்டரில் இங்கிலீஷ் எழுத்தும் கமாவுமாகக் கொட்டிக் கிடக்கும். அதனால் அனுப்புமுன் எழுத்தைக் கோடாக்கிவிட வேண்டும். கோடான பிறகு அது படம். எங்கே போனாலும் மாறாது. ஆனால் அதற்குப் பிறகு பிழை திருத்த முடியாது.

"அதனால கோடாக்க முன்ன ரெண்டு தரம் வாசி. வாய்விட்டு வாசி."

புள்ளியின் விஷயத்தை அவளே கண்டுபிடித்தாள். சின்ன எழுத்தில் மேலே இருக்கிற புள்ளி மெசினில் மங்கிப் போகும்; 'கண்ணன்' என்று எழுதினால் 'கணணன' என்று வந்து நிற்கும். ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகப் பிடித்து ஒரு கடுகளவு பெரிதாக்கினாள். ரமேஸ் வாயைத் திறந்து பார்த்தான். நாலு வருஷம் கொழும்பில் இருந்தவனுக்கு அது தோன்றவில்லை. அன்றிலிருந்து தமிழ் வேலை முழுவதும் அவள் கையால்தான். வாரம் முழுக்க வந்த தமிழ் ஓடர்களை அவன் சேர்த்து வைப்பான். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து கீறுவாள். திங்கட்கிழமை அவன் மெசினில் போடுவான்.

வீட்டுக்குத் திரும்பினால் மாரியாயி வாசலில் காத்திருப்பாள்.

"இன்னைக்கி என்னா படம்டா?"

ரமேஸ் வரும் வழியிலேயே பஸ்ஸில் ஒரு கதையைக் கட்டி வைத்திருப்பான். அண்ணன் தம்பி பிரிவார்கள், வெள்ளம் வரும், தாய் குருடாவாள், பிறகு பார்வை வரும். மாரியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பாள். மறுநாள் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது அதே கதையை மற்றப் பெண்களுக்குச் சொல்லி அவர்களையும் அழ வைப்பாள்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

இரண்டாயிரத்து எட்டு ஆவணியில் ரமேஸுக்குக் காய்ச்சல் வந்தது. கூட்டாளி ஒருவனுடைய வயலில் வாய்க்கால் வெட்டக் கூட நின்றிருந்தான். இரண்டு நாள் சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் குடித்தான். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல் என்றார்கள். ரொம்பப் பிந்திவிட்டது என்றும் சொன்னார்கள். ஆறாம் நாள் அவன் இல்லை. வயது முப்பத்திரண்டு.

சவப்பெட்டி லயத்துக்கு வந்தபோது சிவசக்திக்கு நினைவில்லை. பெண்கள் அவளை உள்ளே பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அவனுடைய சாமான்கள் மாரியாயியிடம் இருந்தன. மணிக்கூடு, பர்ஸ், கழுத்துக் கயிறு. நம் ஆட்கள் புதைக்கும்போது செய்வது போல அவனுக்குப் பிடித்த சட்டையை வைத்தார்கள், வெற்றிலை வைத்தார்கள். மூடப் போகிற நேரத்தில் மாரியாயி "கொஞ்சம் பொறுங்கப்பா" என்று குனிந்து மகனுடைய வலது கையில் எதையோ வைத்து விரலை மடக்கிவிட்டாள். யாரும் என்னவென்று கேட்கவில்லை. ஒரு தாயிடம் அந்த நேரத்தில் என்னத்தைக் கேட்க?

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிவசக்தி டவுனுக்குப் போனாள். சாமான்களை ஒதுக்கிவிட்டு வருகிறேன் என்றுதான் மாமியாரிடம் சொன்னாள். மனதுக்குள் வேறு எண்ணம். அவன் விட்ட வேலைகளை முடிக்க வேண்டும், கடையைத் தானே நடத்த வேண்டும். அவளுக்கு வேறு எதிலும் அவன் மிச்சமில்லை. கம்பியூட்டரைப் போட்டாள். கீறுகிற மென்பொருள் திறந்தது. மெசினுக்கு அனுப்புகிற மென்பொருள் வேறு; அதைத் திறந்ததும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. சாவி இல்லை என்றது அது.

மேசையில் தேடினாள், அலுமாரியில் தேடினாள். வீட்டுக்கு வந்து பெட்டியில், தலையணை உறைக்குள், சாமி மாடத்தில் தேடினாள்.

"என்னா ஆயி தேடுற?" என்றாள் மாரியாயி.

"ஒண்ணுமில்ல அத்தை. அவரு கழுத்துல போட்டிருந்த அந்த நீலச் சாவி..."

"அதா? அத நாந்தான் அவன் கையில வச்சு அனுப்புனேன்." கிழவியின் முகத்தில் அத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு நிம்மதி தெரிந்தது. "அது இல்லாட்டி மெசின் எந்திரிக்காதுன்னு சொல்லுவானே. போற எடத்துல தேடித் தவிப்பான். இங்க அந்த மெசினை இனி யாரு தொடப் போறா, சொல்லு?"

சிவசக்தி கையிலிருந்த தலையணை உறையை மடித்து வைத்தாள்.

"அது வேணுமா ஆயி?"

"இல்ல அத்தை. சும்மாதான் கேட்டேன்."

வேறு என்ன சொல்வாள்? நான்தான் தொடப்போகிறேன் என்று சொன்னால், இரண்டு வருஷம் படம் பார்த்ததாகச் சொன்னது பொய் என்று ஆகும். அதைவிட, அந்தக் கிழவிக்கு உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு நிம்மதிதான். போகிற மகனுக்கு வேண்டியதைக் கொடுத்தனுப்பினோம் என்ற நிம்மதி. அதை எப்படிப் பிடுங்குவது?

அடுத்த வாரம் றஹீம் நாநாவிடம் போனாள். அவர் கொழும்புக்குப் போன் போட்டு, அரை மணி நேரம் அதட்டியும் கெஞ்சியும் பேசிவிட்டு வைத்தார்.

"தங்கச்சி, சரி வாற மாதிரி இல்ல. இந்த மொடலை சீனாக்காரன் விட்டு ரெண்டு வருசமாம். புதுச் சாவி இதுக்குப் பொருந்தாதாம். பழசு கெடச்சாத்தான் உண்டு."

"நாநா, அது... தண்ணி பட்ட எடத்துல கெடந்தா வேல செய்யுமா?"

"செய்யலாம். என்ட மச்சான் நிஸாம்ட ஒண்ணு வாளியில ஊறின துணியோட மூணு நாள் கெடந்திச்சு. காய வச்சுப் போட்டம், எழும்பிட்டு. உள்ளுக்குச் சின்னச் சிப்பு ஒண்டுதானே. எங்க விழுந்திருக்கு? சொல்லுங்க, நான் ஆளை அனுப்பி எடுப்பிக்கிறன்."

அவள் திரும்பிப் படியேறி மேலே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த அறையில் உட்கார்ந்து கீறினாள். மெசின் மூடிக் கிடந்தது; அவள் கீறிக்கொண்டே இருந்தாள். தெரியாத கருவிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத் தானே படித்தாள். முன்பு ரமேஸ் செய்து தந்த ஓரப் பூவேலையையும் இப்போது அவளே கீறினாள். கீறி முடித்ததும் பழக்கத்தில் "சரியாங்க?" என்று திரும்பிப் பார்ப்பாள். நாற்காலியில் அவனுடைய துவாய்த் துண்டு மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும்.

ரமேஸ் ஒத்துக்கொண்டு விட்டுப்போன ஓடர் ஒன்று இருந்தது. சிதம்பரநாதன் என்று யாழ்ப்பாணத்து அதிபர் ஒருவர், பதுளையில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். மார்கழிப் பரிசளிப்புக்கு இருபத்திநாலு கேடயம் கேட்டிருந்தார். மெசின் ஓடாது என்று தெரிந்தும் சிவசக்தி இருபத்திநாலு பிள்ளைகளின் பேரையும் கீறி வைத்தாள். வாய்விட்டு இரண்டு தரம் வாசித்தாள். புள்ளிகளைப் பெரிதாக்கினாள். பிறகுதான் கோடாக்கினாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரியாயி சொன்னாள்:

"என்னையும் கூட்டிட்டுப் போ ஆயி. அவன் ஒக்காந்திருந்த எடத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்."

முழங்காலைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினாள். மகனுடைய நாற்காலியைத் தொட்டாள். துவாயை எடுத்து மூக்கில் வைத்து மோந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் சிதம்பரநாதன் சேர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"பிள்ளை, ரமேஸின்ரை செய்தி பிந்தித்தான் கேள்விப்பட்டனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எப்பிடிக் கேக்கிறதெண்டும் தெரியேல்லை... அந்தக் கேடயங்கள்?"

"கீறி வச்சிருக்கேன் சேர். மெசின்தான்..."

அவள் திரையைக் காட்டினாள். அதிபர் கண்ணாடியை மேலே தூக்கி ஒவ்வொரு பேராகப் பார்த்தார்.

"அச்சொட்டு! ஒரு புள்ளிகூடப் பிழையில்லை. போன வருசம் நீங்கள் கீறினதைப் பாத்துத்தானே இந்த முறையும் இஞ்சை வந்தனான். 'தமிழ் வேலை முழுக்க என்ரை மனுசிதான் சேர், நான் மெசினை அமத்திற ஆள் மட்டும்' எண்டு ரமேஸ் எவ்வளவு பெருமையாச் சொன்னவர்!" மாரியாயியைப் பார்த்துத் திரும்பினார். "அம்மா, நீங்கள் குடுத்து வச்சனீங்கள். மகன் போனாலும் மருமகள் இந்த மெசினை ஓட்டுவா."

மாரியாயி துவாயை மடித்து நாற்காலியில் போட்டாள்.

மெசின் ஓடாது என்பதைச் சிவசக்தி மெல்ல அதிபருக்குச் சொன்னாள். சத்தம் கேட்டு மேலே வந்த றஹீம் நாநா, மொனராகலையில் தன் மச்சான் நிஸாமிடம் புது மெசின் ஒன்று இருக்கிறது, கீறியதைப் பென்னில் ஏற்றிக் கொடுத்தால் அங்கே போட்டு எடுத்துவிடலாம் என்றார். அதிபர் சந்தோஷமாகப் போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பாதி தூரம்வரை மாரியாயி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தப் படமெல்லாம்?" என்றாள் திடீரென்று.

"ஒரு படமும் பாக்கல அத்தை. இந்த பஸ்ஸுல வரும்போதுதான் கட்டுவாரு."

"அந்தக் குருட்டுத் தாயி?"

"அதுவுந்தான்."

கிழவியின் உதடு சிரிப்பதற்குப் போய், வழியில் வேறு எங்கோ திரும்பிவிட்டது. "பாவி. அதுக்கு நான் எவ்வளவு அழுதேன்." பிறகு சொன்னாள்: "எனக்குச் சொல்லியிருக்கலாமேடி. நீ தொடுவேன்னு தெரிஞ்சிருந்தா ஒங் கையில தந்திருப்பேனே."

சிவசக்தி அவள் கையைப் பிடித்தாள். கிழவி கையை இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

மறுநாள் சிவசக்தி கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது காம்பரா திறந்து கிடந்தது. மாமியார் இல்லை. கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த மண்வெட்டியும் இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். தேயிலைக்கு நடுவே, ஆற்றங்கரைச் சரிவில் இருக்கிறது அந்தத் தோட்டத்து இடுகாடு. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மாரியாயி தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, மகனுடைய மேட்டில் முழங்காலிட்டு இருந்தாள். தானே நட்டு வளர்த்த செவ்வந்தியைப் பிடுங்கி ஓரத்தில் வைத்திருந்தாள். ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டியிருந்தாள். முழங்காலால் நின்று வெட்ட முடியாமல் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, கையால் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அத்தை! என்னா பண்றீங்க!"

"வா, வா. நீயும் பிடி. தோட்டத்து யூனியன் தலைவர்கிட்டப் போனேன், தொரைகிட்டக் கேக்கணும், பொலிஸுல கேக்கணும்ங்கிறான். அதுக்குள்ள அது உக்கிப் போயிரும். வலது கையிலதான் வச்சேன். எனக்குத் தெரியும், எந்தப் பக்கம்னு." மூச்சு வாங்கினாள். "நான் வச்சதுதானே. நானே எடுத்துத் தர்றேன்."

சிவசக்தி அந்த ஒரு சாண் பள்ளத்தைப் பார்த்தாள். கீழே இருந்தது அவள் இரண்டு வருஷம் படித்த படிப்பு. அவன் விட்டுப்போன கடை, அந்த மெசின், அவள் யாருக்கும் கை நீட்டாமல் வாழக்கூடிய வழி எல்லாம் அங்கே ஒரு மடக்கிய கைக்குள் இருந்தது. காய வைத்தால் எழும் என்று றஹீம் நாநா சொல்லியிருந்தார். இன்னும் நாலடிதான். அவளுக்கு இளம் கை. மண்ணும் ஈரமாக இருந்தது. ஒரு கணம் மண்வெட்டியை எடுத்தேவிட்டாள், கண்ணுகளா. எடுத்து நின்றாள்.

அப்போது மாரியாயி பள்ளத்தைப் பார்த்துக் குனிந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரிச் சொன்னாள்: "ஐயா, கோவிச்சுக்காத. அம்மா குடுத்தத அம்மாவே திருப்பிக் கேக்குறேன். அவளுக்கு வேணுமாண்டா."

சிவசக்தி மண்வெட்டியைத் தேயிலைக்குள் எறிந்தாள். மாமியாரின் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"வேணாம் அத்தை. றஹீம் நாநாகிட்டக் கேட்டுட்டேன். தண்ணி பட்டா அது செத்துப் போகுமாம். இனி எடுத்தாலும் ஒண்ணுக்கும் ஆகாதாம்."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அங்க? அவன்கிட்ட மட்டும் வேல செய்யுமா?"

"அங்க செய்யும் அத்தை. அது அவரோட சாவி."

மாரியாயி அவள் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். மழைத்தண்ணீர் இரண்டு பேர் முகத்திலும் ஓடியது. பிறகு இரண்டு பேருமாக மண்ணைத் தள்ளி மூடினார்கள். செவ்வந்தியைத் திரும்ப நட்டார்கள். பாதி பிழைக்கவில்லை.

மொனராகலையில் நிஸாம் அந்த இருபத்திநாலு பேரையும் மெசினில் போட்டுவிட்டு அன்றைக்கே றஹீம் நாநாவுக்குப் போன் எடுத்தார். தன்னிடம் தமிழ் வேலை வந்தால் எழுத்தெல்லாம் கமாவும் கேள்விக்குறியுமாகக் கொட்டுகிறது, புள்ளி நிற்பதே இல்லை, இது யார் கீறியது, அந்தத் தங்கச்சி வந்து வேலை செய்வாவா என்று கேட்டார். தன் வீட்டில் மனைவியோடும் தாயோடும் தங்கிக்கொள்ளலாம் என்றார். சிவசக்தி முடியாது என்று சொல்லி அனுப்பினாள். மொனராகலை போனால் தோட்டத்தில் பேர் இருக்காது, பேர் இல்லாவிட்டால் காம்பரா இருக்காது, காம்பரா இல்லாவிட்டால் மாமியார் எங்கே போவாள்?

மாரியாயிக்கு இதை யார் சொன்னார்களோ தெரியாது. தை பிறந்த முதல் திங்கட்கிழமை காலையில் சிவசக்தி கூடையைத் தேடியபோது அது ஆணியில் இல்லை. வெளியே வந்து பார்த்தாள். பெரட்டுக்களத்தில் ஐம்பத்தைந்து வயசு மாரியாயி, இடுப்பில் படங்கைச் சுற்றி, வீங்கிய முழங்காலில் பழந்துணியைக் கட்டிக்கொண்டு, சின்னப் பெண்களுக்கு நடுவே வரிசையில் நின்றாள்.

கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "என்னா ஆயா, நீங்க எங்க வந்தீங்க? மருமகளுக்குச் சொகமில்லையா?"

"அவ பேர வெட்டிட்டு ஏம் பேரப் போடுங்கய்யா."

"ஒங்களால மலை ஏற முடியுமா?"

"அது என் பாடு. நீங்க எழுதுங்க."

சிவசக்தி ஓடிவந்து கூடையைப் பிடித்தாள். "அத்தை, குடுங்க. விளையாடாதீங்க."

"விடுடி. ஒரு சாவியத்தான் என்னால திருப்பித் தர முடியல. நீ போ. பஸ்ஸு போயிரப் போகுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் நின்றவள் ஒருத்தி முன்னுக்கு வந்து, மாரியாயிக்குக் கிட்டத்து மலையில் கொழுந்து நிரை கொடுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

சிவசக்தி மொனராகலைக்குப் போனாள். நல்ல பெயர் எடுத்தாள். ஆனால் அந்தக் கடையில் மெசினை இயக்குகிறவர் வேறு ஒருவர். அவள் கீறிக் கொடுப்பதோடு சரி. ரமேஸின் மெசின் மேல்மாடியில் தூசி படிந்து கிடந்து, கடைசியில் பழைய இரும்பாகப் போயிற்று. மாதத்துக்கு ஒரு தடவை அவள் வீட்டுக்கு வருவாள். ஒவ்வொரு தடவையும் கிழவி இன்னும் கொஞ்சம் கூனியிருப்பாள், முழங்கால் இன்னும் கொஞ்சம் வீங்கியிருக்கும். வேணாம் அத்தை, விடுங்க என்று இவள் அழுவாள். நீ மறுபடி இந்தக் கூடையைத் தொட்டால் நான் ஒரு வாய் சோறு தொடமாட்டேன் என்று அவள் அதட்டுவாள்.

மலையில் நிரை பிடிக்கும்போது மாரியாயி ஓயாமல் பேசுவாள். எம் மருமக கம்பியூட்டர்ல எழுத்துக் கீறுறா, எம் மகந்தான் படிச்சுக் குடுத்தான், ஞாயித்துக்கெழமையில என்னை ஏமாத்திட்டுப் போயிப் படிச்சாங்க ரெண்டு பேரும் என்று கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். புதிதாகப் பேர் பதிந்து வந்த பெண்களைக் கூப்பிட்டு நிறுத்தியும் சொல்வாள்.

இவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்திருங்கள், அவரவர் வீடு போய்ச் சேருங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். கூரை ஒழுகாமல் இருக்கட்டும். வேலைக்குப் போனவர்கள் விளக்கு வைக்குமுன் வந்து சேரட்டும். உங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருக்கிற நல்ல சேதி ஏதாவது இருந்தால், சொல்வதற்கு ஆள் இருக்கும்போதே அது வாயைத் திறந்து வந்துவிடட்டும்.